முப்பத்துநாலு இடுப்பு

என் வீட்டுக்காரரிடம் பதினோரு பேண்ட் இருக்கின்றன. என்னிடம் பட்டுப்புடவை நாலுதான். எங்கள் வீட்டில் யாருக்கு அலங்காரப் பித்து என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் ஆற்காட்டிலிருந்து வந்த என் அம்மா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பேண்ட் கடை வைக்கப் போகிறாரா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

கடை வைக்கவில்லை. பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில், வெளிநாட்டுக்கு பேண்ட் தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். நாள் முழுக்கத் தையலையும் ஜிப்பையும் முறைத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சந்தாபுராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துக்கொண்டே மறுபடியும் பேண்ட்டைப் பற்றித்தான் பேசுவார். மிட்டாய்க் கடைக்காரருக்கு மிட்டாய் திகட்டிவிடும் என்பார்கள். இவருக்குத் திகட்டவில்லை.

அதிலும் எல்லா பேண்ட்டும் பிடித்துவிடாது. காலோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிற இந்தக் காலத்து பேண்ட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய மாடல்தான் வேண்டும். இடுப்பு உயரமாக நிற்க வேண்டும், கால் தாராளமாக நேரே இறங்க வேண்டும், துணி கனமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை பிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள், ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில்தான் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறி அங்கே போவோம். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்காதீர்கள். திரும்பும்போது பிரியாணி வாங்கித் தருவார்.

அவர் பேண்ட் பொறுக்குவதை வேடிக்கை பார்க்க வேண்டும். சினோஸ் என்கிற பருத்தி பேண்ட் என்றால் முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அந்தப் பக்கம் போகிற ஆட்டோ துணி வழியே தெரிந்தால் அப்படியே கீழே வைத்துவிடுவார். தெரியவில்லையென்றால் ஒரு கைப்பிடி கசக்கிவிட்டு எத்தனை சுருக்கம் விழுகிறது என்று பார்ப்பார். ஜீன்ஸ் என்றால் காலின் கீழ்மடிப்பைத் திருப்புவார். உள்ளே துணியின் வெள்ளை ஓரத்தில் சிவப்பு நூல் ஓடினால் அது பழைய தறியில் நெய்த துணியாம். அந்தச் சிவப்பு நூலைப் பார்த்ததும் முகம் அப்படி மலரும். பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்துக்கூட அந்த முகம் அவ்வளவு மலரவில்லை.

கார்டுராய்தான் உயிர். துணி முழுக்க வரிவரியாக மேடு ஓடுமே, அது. கட்டைவிரல் அகலத்துக்குள் எத்தனை வரி என்று எண்ணுவார். வரி கொழுத்திருந்தால் குளிருக்கு நல்லது, மெலிந்திருந்தால் ஆபீசுக்கு நல்லது. பிறகு கையால் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தடவுவார். ஒரு பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் கருப்பாகவும் தெரிய வேண்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி நிறம் மாறவில்லையென்றால், வெட்டும்போது ஒரு காலைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் கம்பெனியைத் திட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

வாங்குவதோடு முடிந்தால் பரவாயில்லை. புது ஜீன்ஸை ஆறு மாதம் தண்ணீரே காட்டாமல் போட வேண்டும் என்பது இவர் சட்டம். அப்போதுதான் முட்டியிலும் தொடையிலும் அவரவர் உட்கார்ந்து எழுந்த கோடு விழுமாம். கோடு விழுகிறதோ இல்லையோ, என் சோபா உறை நீலமாகிவிட்டது. ஊறப்போடுகிறேன் என்று நான் வாளியை எடுத்தால் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, காற்றில் மாட்டிவிட்டு வருவார். வீட்டில் ஒரு வாரம் ஊதுவத்தி ஏற்றி வைத்தேன், சாமிக்கு இல்லை.

கார்டுராய்க்குச் சட்டம் வேறு. திருப்பிப் போட்டுத்தான் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரியெல்லாம் தேய்ந்து முட்டி வழுக்கையாகிவிடும். பிரஷ் போடக் கூடாது. பிழியக் கூடாது. நிழலில் காயவேண்டும். இஸ்திரி உள்பக்கம்தான். எங்கள் போர்வெல் தண்ணீரில் ஒரே உப்பு, கருநீலத்தில் திட்டுத்திட்டாக வெள்ளை பூத்துவிடும் என்பதால், காவேரித் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துத் தானே துவைப்பார். என்னைத் தொட விடமாட்டார். நானும் தொடவில்லை. ஊரில் எந்தப் பெண்ணுக்கு வாய்க்கும் இந்தப் பாக்கியம்?

போன ஆகஸ்டில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கம்பெனிக்குப் போகிற வழியில் எங்கோ குடித்த தண்ணீர் என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் படுக்கை. எழுந்து வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, தனக்குப் பிடித்த பழுப்புக் கார்டுராயை எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்துநாலு இடுப்பு. பட்டனைப் போட்டுக் கையை எடுத்ததும் அது அப்படியே வழிந்து இடுப்பெலும்பில் போய் நின்றது. பெல்ட்டை இறுக்கினார். இடுப்பைச் சுற்றித் துணி கொசுவிக்கொண்டது, சாக்கு மூட்டையின் வாயைக் கட்டினாற்போல. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து தெருவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் இளைத்துவிட்டாயா, பூசினாற்போல் இருக்கிறாயா என்று உடம்பை அளந்துவிடுவோம். அது எங்களுக்கு ஆரத்தி எடுப்பது மாதிரி ஒரு மரியாதை. மேல்வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர், அவரும் விடவில்லை. சார் ரொம்ப சண்ண ஆயிட்டாரே, நெய் ஹாக்கி போடும்மா என்று தனக்குத் தெரிந்த தமிழில் கவலைப்பட்டார். சண்ண என்றால் ஒல்லி, ஹாக்கி என்றால் ஊற்றி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவர் கை காட்டிய விதத்திலேயே விளங்கியது.

எனக்கு ஏன் அப்படிக் குலை நடுங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் இப்படித்தான் இளைத்தான். முதலில் எல்லோரும் ஸ்மார்ட்டாகிவிட்டாய் என்றார்கள். பிறகு பெல்ட்டில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டான், பிறகு இன்னொன்று. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கேலி செய்தேன். நாலாவது ஓட்டை போட்ட மாதம் டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அதனால் எனக்கு மனுஷர் நன்றாக இருக்கிறார் என்றால் பேண்ட் இடுப்பில் நிற்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் எத்தனை எண்ணைக் காட்டினாலும் என் மண்டையில் ஏறாது.

எடை பார்க்கலாம் என்றால் இவர் பிடி கொடுக்கவில்லை. மருந்துக்கடை வாசலில் இருக்கும் மிஷினைக் கண்டாலே நடையை எட்டிப்போடுவார். டாக்டரிடமும் தனியாகத்தான் போய் வந்தார், கம்பெனிக்குப் பக்கத்திலேயே கிளினிக் என்பதால். அக்டோபரில் ஒருநாள் வந்து, இந்த எடையே போதும், ஏற்ற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். டாக்டருக்கென்ன, அவரா வந்து பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் சொன்னேன். நெய்ப்பொங்கலை ஒரு கரண்டி கூட வைத்தேன்.

அப்போதெல்லாம் என் காலை வேலையே இதுதான். அவர் ஷூ மாட்டக் குனியும்போது பின்பக்கமாக நின்று பேண்ட் இடுப்பைப் பார்ப்பேன். முதுகுக்கும் துணிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒரு கை போகுமா, நாலு விரல் போகுமா? பெல்ட் எந்த ஓட்டையில் நிற்கிறது? அவருக்குத் தெரியாமல்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேண்ட்டை டெய்லரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்துவிடலாமே என்று அவர் ஒருமுறை பேச்செடுத்தார். கூடவே கூடாது என்றேன். ரெடிமேடில் உள்ளே துணி விட்டிருக்க மாட்டார்கள், பிடித்து வெட்டிவிட்டால் நாளைக்கு உடம்பு தேறும்போது எங்கே போய்ப் பிரிப்பது? அவர் சொல்லிச் சொல்லி நான் கற்றுக்கொண்ட பாடத்தை அவருக்கே திருப்பிப் படித்தேன். அவர் பேண்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

நவம்பரில் அதிசயம் நடக்க ஆரம்பித்தது. பழுப்புக் கார்டுராய் கொஞ்சம் மேலே நின்றது. இரண்டு வாரம் கழித்துக் காக்கி சினோஸில் நாலு விரல் போன இடத்தில் இரண்டு விரல்தான் போகும்போலத் தெரிந்தது. டிசம்பர் குளிரில் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு பெல்ட்டே இல்லாமல் வாசலில் நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். உளுந்தங்களி, முருங்கைக்கீரை நெய் வதக்கல், முட்டை என்று அவர் சாப்பாட்டு டப்பா மூன்றடுக்கிலிருந்து நாலடுக்கானது. சாயங்காலம் டப்பா துடைத்து வைத்தாற்போல் காலியாக வரும். கைப்பக்குவம் என்றால் சும்மாவா என்று நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். அவரும், உன் நெய்தான் காரணம் என்று ஆமோதித்தார். மனுஷர் வாய் கூசாமல் சொன்னார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ சரக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன அரைமணியில் குழாயில் காவேரி வந்தது. பழுப்புக் கார்டுராய் கூடையில் கிடந்தது. பாவம், ஓய்வு நாளிலும் உழைக்கிறாரே, நாமே துவைத்துப் போடுவோம் என்று எனக்கு ஒரு தாராளம் பிறந்தது. சட்டம் தெரியும்தானே. திருப்பிப் போட்டேன்.

பின்பக்கத்து நடுத்தையலை ஒட்டி இன்னொரு தையல் ஓடியது. கைத்தையல். நூல்கூட அதே பழுப்பு. அதற்கு உள்பக்கம் அரை இஞ்ச் தள்ளி இன்னொரு வரிசை. அதற்கும் உள்ளே மூன்றாவது. வெளியே ஒரு சுருக்கம் தெரியாமல், துணியை வெட்டாமல், மடித்து மடித்துத் தைத்திருந்தது. கம்பெனி தையல் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு பீரோவைத் திறந்து மற்றவற்றையும் உருவித் திருப்பினேன். காக்கி சினோஸில் மூன்று வரிசை. ஜீன்ஸில் ஊசி இறங்கக் கஷ்டப்பட்டிருக்க வேண்டும், இரண்டே வரிசை. பதினோரு பேண்ட்டிலும் இருந்தது.

அவர் ஒரு அவுன்ஸ்கூடத் தேறவில்லை. பேண்ட்தான் இளைத்திருக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக, இரண்டு வாரத்துக்கு அரை இஞ்சாகத் தன் உடம்பு பருப்பதுபோல் கணக்காகத் தைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது கோபம். வாளியை ஓர் உதை விட்டேன், காவேரித் தண்ணீர் என்றும் பார்க்காமல். அப்புறம் பாத்ரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக நான் சந்தோஷப்பட்டதெல்லாம் நூல். அப்படியானால் ஆள் எந்த நிலையில் இருக்கிறார்?

மத்தியானம் அவர் வந்தபோது பதினோரு பேண்ட்டையும் உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிலில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தேன். வாசற்படியில் நின்று பார்த்தார். ஷூவைக் கழற்றினார். மெதுவாக வந்து கட்டிலின் ஓரத்தில், பேண்ட் கசங்காமல் உட்கார்ந்தார். அந்த நேரத்திலும் கசங்காமல்.

"என்னங்க இது?" என்றேன்.

"தையல் எப்படி?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அதைப் பார்த்ததும்தான் விளையாட்டை விட்டார். கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, தினம் ஒரு பேண்ட்டாக எடுத்துப் போய்த் தைத்தாராம். நாலடுக்கு டப்பாவை லைனில் தைக்கும் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்களாம். அதில் இரண்டு பேருக்கு யூனிபார்ம் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, மேடம் கைப்பக்குவம் பிரமாதம் என்று சொல்லி அனுப்பினார்களாம். இதைச் சொன்னால் நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள், வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னேன். நீ காதுல வாங்கல," என்றார். "தெனம் காலைல பின்னாடி நின்னு இடுப்பையே பாக்குற. அஞ்சு மாசமா நீ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

யோசித்துப் பார்த்தால் அவர் மீசையில் எப்போது இவ்வளவு நரை வந்தது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் சுத்தமாகப் போய் வெள்ளையாக இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் தோலில் தெளிவு இருந்தது. இத்தனையும் என் எதிரில் தினமும் காபி குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆனாலும் பார்த்ததை மட்டும் வைத்து என்னால் ஆறிவிட முடியவில்லை. மறுநாள் பொம்மசந்திராவுக்குக் கூடவே போனேன். டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண், திருப்பத்தூர்ப் பக்கம். இவருடைய பைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் எடை எழுதியிருந்தது. நாலு மாதமாக ஒரே எண், அரைக்கிலோ இந்தப் பக்கம், அரைக்கிலோ அந்தப் பக்கம். நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பெல்ட் ஓட்டையைப் பற்றியும் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்கு எடை எறங்கிக்கிட்டே போச்சும்மா. இவருக்கு நின்னுடுச்சு. ரெண்டும் வேற," என்றார்.

முன்பு ஈரலில் கொழுப்பு படிந்திருந்ததாகவும், இப்போது அது வெகுவாகக் குறைந்துவிட்டதாகவும், பழைய எடைக்கு ஏற்றினால் அதுவும் கூடவே திரும்பிவரும் என்றும் விளக்கினார். நெய்ப்பொங்கல் பற்றி நான் கேட்கவில்லை. அவரே என்னைப் பார்த்த பார்வையில் இவர் எல்லாவற்றையும் அங்கே கொட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓசூர் ரோட்டில், பட்டப்பகலில், கம்பெனி ஆட்கள் போகிற வருகிற இடத்தில். நான் உதறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மூன்று வரிசைத் தையல் போட்ட பேண்ட்டில் பின்பாக்கெட் இரண்டும் நடுவில் வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. இதையெல்லாம் இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததுதான் என் லட்சணம்.

கடைக்காரருக்கு இவரை வருஷக்கணக்காகத் தெரியும். ஆவோ சார், புது கார்டுராய் வந்திருக்கு, உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன் என்று ஸ்டூலின் மேல் ஏறி, கேட்காமலே முப்பத்துநாலை உருவிப் போட்டார். பாசிப் பச்சை, கொழுத்த வரி. இவர் அதைத் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இரண்டு காலும் ஒரே மாதிரி நிறம் மாறின. பிறகு தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முப்பத்துநாலையே வாங்கிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்து, மறுபடியும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து தைத்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இது வேணாங்க," என்று கடைக்காரரிடம் சொன்னேன். "முப்பத்தொண்ணு குடுங்க."

கடைக்காரர் ஸ்டூலிலிருந்தே குனிந்து இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேறு அடுக்குக்குக் கையை நீட்டி அதே பச்சையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இவர் அதை வாங்கி இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, முப்பதுகூடப் பத்தும்போல இருக்கே என்று ஆரம்பித்தார். பேண்ட்டைக் கையில் கொடுத்தால் இவருக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.

"முப்பத்தொண்ணு. அதுக்குக் கீழ போனீங்கன்னா நான் தாங்க மாட்டேங்க."

"போக மாட்டேன்," என்றார். பச்சைக் கார்டுராயைத் தோளில் போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் போட்டுப் பார்க்கப் போனார்.